மூப்பு வரிசையும் முழு நைட்டும்: ஷிப்ட் தேர்வில் பணிமூப்பு எப்படி வேலை செய்கிறது?

காரைக்குடி, தேவகோட்டை, காளையார்கோவில் வட்டாரத்து மில் வாசல்களிலும் பேருந்துப் பணிமனைகளிலும் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்றால் மூன்று பேச்சுகள் காதில் விழும். "இருபது வருஷ சர்வீஸ் இருக்கு, என்னை எப்படி முழு நைட்டுல போடலாம்?" என்பார் ஒருவர். "அதெல்லாம் மேனேஜ்மென்ட் இஷ்டம்" என்பார் அடுத்தவர். "சங்கத்துல சொன்னா மாத்திக் கொடுத்துருவாங்க" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது; மூன்றுமே விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட பேச்சுகள். சங்கம் உள்ள ஓர் ஆலையில் பணிமூப்பு என்பது ஷிப்டைக் கொடுப்பதில்லை. ஷிப்டைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடத்தைத்தான் கொடுக்கிறது. அந்த வரிசை எங்கே தொடங்குகிறது, எதனால் தடைபடுகிறது, எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்பதை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கும் அவர் வீட்டாருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தியில் யார் முதலில்?

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் இரண்டாம் கட்டில் (உள்பகுதியில்) ஒரு பந்திக்கு எத்தனை இலை போடுவது, முதல் பந்தியை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதையெல்லாம் கல்யாண வீட்டார் முடிவு செய்கிறார்கள். பெரியவர்களை முதலில் உட்கார வைப்பது வழக்கம். பெரியவர் என்பதற்காக இலைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கிற இலையில் முதலில் உட்காரும் முறை மட்டுமே அவருக்குக் கிடைக்கிறது. அவர் "நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்று சொன்னால் அந்த இலை அடுத்தவருக்குப் போகிறது. ஆனால் பெரியவர் யார் என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு: வயதில் இளையவர் மாமன் முறையாகவும், வயதில் மூத்தவர் மருமகன் முறையாகவும் இருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். எந்தக் கணக்கில் பெரியவர் என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால் பந்தி வாசலில் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

தொழிற்சாலையிலும் இந்த மூன்றும் உண்டு: இடங்களின் எண்ணிக்கையை நிர்வாகம் தீர்மானிக்கிறது, வரிசையை மூப்பு தீர்மானிக்கிறது, எந்த மூப்பு என்பதைச் சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். பந்தி வழக்கத்தை யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் கெடுதலும் இல்லை. தொழிற்சாலையில் எழுதி வைக்காத வழக்கம், மேலாளர் மாறினால் அவரோடு போய்விடும்.

ஷிப்டும் அதன் இடங்களும்

ஷிப்ட் என்பது ஒரே வேலையை வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு குழுக்கள் தொடர்ந்து செய்யும் ஏற்பாடு. நூற்பாலைகளில் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதால் ஒரு நாளை மூன்றாகப் பிரித்து, பகல் ஷிப்ட், அரை நைட்டு (மாலையில் தொடங்குவது), முழு நைட்டு (இரவு முழுக்க ஓடிக் காலையில் முடிவது) என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்ச வரம்பை வைத்தது. எந்தக் குழு எந்த நேரத்தில் வேலை செய்யும் என்ற அறிவிப்பை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொன்னது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் இருப்பவருக்கு வார விடுமுறை என்பது, ஷிப்ட் முடிந்த நிமிடத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம் என்று அதே சட்டம் கணக்கிட்டது. காலையில் முழு நைட்டு முடித்து வந்தவரிடம் "இன்னைக்கு லீவுதானே, ராத்திரி வா" என்று சொல்வது விடுமுறை ஆகாது.

ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை பேர் வேண்டும் என்பது உற்பத்தித் திட்டத்தைப் பொறுத்த விஷயம். அதில் மூப்புக்கு வேலையில்லை. பகல் ஷிப்டில் 5 இடம்தான் என்று நிர்வாகம் முடிவு செய்தால், மிக மூத்தவர்கள் 10 பேர் இருந்தாலும் 5 பேருக்குத்தான் பகல்.

எந்த நாளிலிருந்து எண்ணுவது?

பணிமூப்பு என்பது ஒரு தொழிலாளி ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் எவ்வளவு காலம் தொடர்ந்து வேலை செய்திருக்கிறார் என்பதன் அடிப்படையில் அமையும் வரிசை. பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது 'குறிப்பிட்ட வட்டத்துக்குள்' என்ற சொற்களைத்தான். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்று 45 வயதில் சேர்ந்தவர், 19 வயதில் சேர்ந்து பத்து வருடம் முடித்த இளைஞருக்குக் கீழேதான் வருவார்.

வட்டம் பல அளவுகளில் இருக்கலாம். ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் அது ஆலை மூப்பு. கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுப்பது), ஸ்பின்னிங் (நூற்பது), வைண்டிங் (நூலைச் சுற்றுவது) என்று ஒவ்வொரு பிரிவிலும் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் பிரிவு மூப்பு. ஒரு பதவி நிலைக்கு உயர்ந்த நாளிலிருந்து எண்ணினால் பதவி மூப்பு. ஒரே மனிதர் ஆலை மூப்பில் மூன்றாவதாகவும், பிரிவு மூப்பில் கடைசியாகவும் இருக்க முடியும். கார்டிங்கில் 18 வருடம் இருந்துவிட்டு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று வைண்டிங்குக்கு மாறியவர், பிரிவு மூப்பைப் பின்பற்றும் ஆலையில் ஷிப்ட் தேர்வுக்குப் புது ஆளாக நிற்பார். அவருடைய பணிக்கொடையும் சம்பளப் படியும் பழைய சேர்ந்த தேதியிலிருந்தே கணக்கிடப்படும். ஷிப்ட் வரிசை மட்டும் புதிதாகத் தொடங்கும். பிரிவு மாற விண்ணப்பிப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள் பிற்பாடு சங்க அலுவலகத்தில் வந்து சத்தம் போடுவது வழக்கம். அப்போது சங்கத்தாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

பயிற்சிக் காலம் சேருமா, பதிலியாக வந்த நாட்கள் சேருமா, நீண்ட நாள் சம்பளமில்லா விடுப்பில் போனால் மூப்பு அறுபடுமா, ஒரே நாளில் சேர்ந்த இருவரில் யார் முன் என்பவையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டியவை. கடைசிக் கேள்விக்கு டோக்கன் எண், பிறந்த தேதி, தேர்வுப் பட்டியலில் இருந்த வரிசை என்று ஏதேனும் ஒன்றை அளவுகோலாக வைப்பார்கள். எதை வைத்தார்கள் என்பதைவிட, முன்கூட்டியே ஒன்றை வைத்தார்களா என்பதே முக்கியம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஷிப்டின் நேரமும் இடங்களும் நிர்வாகத்தின் கையில். அந்த இடங்களை நிரப்பும் வரிசை மூப்பின் கையில். மூப்பு என்பது ஒரே எண் அல்ல. எந்த வட்டத்துக்குள் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

உரிமை எந்தத் தாளில் இருக்கிறது?

"சட்டத்திலேயே இருக்கு" என்று பலர் நம்புவது ஒரு பாதி உண்மையிலிருந்து வந்தது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் ஆட்குறைப்புக்கு ஒரு விதியை வகுத்தது: ஒரு வகைத் தொழிலாளரில் கடைசியாக வந்தவரே சாதாரணமாக முதலில் போக வேண்டும், வேறு மாதிரி செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2020இல் நிறைவேற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் (பழைய தொழிலுறவுச் சட்டங்களை ஒன்றாக்கிய புதிய சட்டம்) இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனால் இது வேலையை இழப்பதற்கான வரிசை; ஷிப்டைத் தேர்ந்தெடுப்பதற்கான வரிசை அல்ல. மூத்தவருக்குப் பகல் ஷிப்ட் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்திலும் தொகுப்பிலும் ஒரு வரிகூட இல்லை.

சட்டம் காப்பது வேறொன்றை. ஷிப்ட் முறையைப் புதிதாகத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது ஆகியவை நிலையாணைக்கு உட்படாத வகையில் நடந்தால், தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. புதிய தொகுப்பும் அதைச் சொல்கிறது. நிலையாணை என்பது வேலை நேரம், ஷிப்ட், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றை வரையறுத்து, அரசு அதிகாரியின் சான்றுடன் ஆலையில் நடைமுறையில் இருக்கும் விதித் தொகுதி. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 100 தொழிலாளர் இருந்தாலே அது கட்டாயம். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300. நம் வட்டாரத்துச் சிறிய ஆலைகள் பலவற்றுக்கு இனி நிலையாணைக் கட்டாயம் இல்லை என்பதே இதன் பொருள். அத்தகைய இடங்களில் தொழிலாளிக்கு மிஞ்சும் எழுத்து ஆதாரம் ஒப்பந்தம் ஒன்றுதான்.

கூட்டுப்பேச்சு ஒப்பந்தம் என்பது சங்கமும் நிர்வாகமும் பேசி முடித்துக் கையெழுத்திடும் உடன்படிக்கை. மூப்புப்படி ஷிப்ட் தேர்வு என்ற உரிமை இருந்தால், பெரும்பாலும் இந்தத் தாளில்தான் இருக்கும். பழைய சட்டத்தின் பிரிவு எண்களை வைத்து இன்றும் சங்கத்தார் பேசும் இரண்டு வகைகளை அறிந்து வைப்பது நல்லது. '18(1) ஒப்பந்தம்' என்பது இரு தரப்பும் தாமே முடித்துக்கொண்டது. கையெழுத்திட்ட தரப்பினரை மட்டும் கட்டுப்படுத்தும். '12(3) ஒப்பந்தம்' என்பது தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் சமரசப் பேச்சில் முடிந்தது. சங்கத்தில் சேராதவர், பிறகு வேலைக்கு வரப்போகிறவர் உட்பட ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். பக்கத்து இயந்திரத்துக்காரருக்கு மூப்பு விதி பொருந்தி, வேறு சங்கத்தில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் பல நேரங்களில் இந்த வேறுபாடுதான். ஒப்பந்தத்தின் காலம் முடிந்த மறுநாளே அது செத்துவிடுவதும் இல்லை. முறித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் அறிவித்து இரண்டு மாதம் ஆகும் வரை அது உயிரோடு இருக்கும்.

பன்னிரண்டு பேர், மூன்று ஷிப்ட்

ஒரு கற்பனை ஸ்பின்னிங் பிரிவை எடுத்துக்கொள்வோம். 12 தொழிலாளர், பகலில் 5 இடம், அரை நைட்டில் 4, முழு நைட்டில் 3. பிரிவு மூப்புப் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பட்டியல் வரிசைப்படி ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஷிப்டை எழுதிக் கொடுக்கிறார்கள். இதுவே ஷிப்ட் தேர்வு.

முதலாமவர் பகலை எடுக்கிறார். இரண்டாமவர் முழு நைட்டை எடுக்கிறார்; தேவகோட்டைக்கு அருகே அவருக்கு ஒரு வயல் இருக்கிறது, காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் தூங்குவது அவருக்கு வசதி. 3, 4, 5, 6 ஆகியோர் பகலை எடுத்தவுடன் பகல் ஷிப்ட் நிரம்பிவிடுகிறது. 7, 8, 9, 10 ஆகியோருக்கு அரை நைட்டு. 11, 12 இரண்டாமவரோடு முழு நைட்டு. ஆறாமவருக்குப் பகல் கிடைத்ததற்கு அவருடைய மூப்பு மட்டும் காரணமல்ல, இரண்டாமவர் அதை வேண்டாம் என்றதும் காரணம். அடுத்த ஆண்டு வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவர் பகலைக் கேட்டால், ஆறாமவர் எந்தத் தவறும் செய்யாமலே அரை நைட்டுக்குப் போக நேரிடும். பகல் ஷிப்ட் கிடைத்தவர் அது தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று நினைத்து, பிள்ளையின் டியூஷன் முதல் வட்டிக்கடைத் தவணை வரை அதையொட்டியே அமைத்துக்கொள்வதுதான் நான் கண்ட வருத்தங்களில் அதிகம்.

ஆண்டின் நடுவில் நான்காமவர் ஓய்வு பெறுகிறார் என்று வைப்போம். பகலில் ஓர் இடம் காலி. நல்ல ஒப்பந்தமாக இருந்தால், அந்தக் காலியிடத்தை அறிவித்து, பகலில் இல்லாதவர்களை மூப்பு வரிசைப்படி கேட்க வேண்டும். இரண்டாமவர் வேண்டாம் என்கிறார், ஏழாமவர் எடுக்கிறார். அவர் விட்ட அரை நைட்டு இடத்துக்குப் பதினொன்றாமவர் வருகிறார். அவர் விட்ட முழு நைட்டு இடத்துக்குப் புதிய ஆள் வருகிறார். ஒருவர் ஓய்வு பெற்றதில் இருவரின் தூக்க நேரம் மாறியது. புதிய ஆளை நேராகப் பகலில் போட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்காமல் விடுவதே இந்த விதி தடுக்க விரும்பும் காரியம்.

ஓர் இடம் குறைந்தால்

பழைய பட்டியலுக்கே திரும்புவோம். நிர்வாகம் பகலில் ஓர் இடத்தைக் குறைத்து முழு நைட்டில் ஓர் இடத்தைக் கூட்டுகிறது. பகலில் இருப்பவர்களில் இளையவர் ஆறாமவர். அவர் வெளியேற வேண்டும். எங்கே போவார்?

ஒப்பந்தத்தில் 'பின்தள்ளும்' உரிமை இருந்தால், அதாவது தம் இடத்தை இழந்த மூத்தவர் தம்மைவிட இளையவரின் இடத்தைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால், ஆறாமவர் அரை நைட்டில் இளையவரான பத்தாமவரின் இடத்தை எடுப்பார்; பத்தாமவர் முழு நைட்டின் புதிய இடத்துக்குப் போவார். அந்த உரிமை இல்லாவிட்டால், காலியாக இருப்பது முழு நைட்டு இடம் மட்டுமே. ஆறாமவர் நேராக அங்கே போக, அவரைவிட நான்கு இடம் கீழே இருப்பவர் அரை நைட்டில் நிம்மதியாக இருப்பார். இரண்டு முறையிலும் மூப்புப் பட்டியல் ஒன்றே, விளைவு தலைகீழ். "மூப்புப்படி ஷிப்ட்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும் ஒப்பந்தங்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

கான்சாஸ் சிட்டியில் நடந்தது

மூப்பு வரிசை எவ்வளவு இறுக்கமாக இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்த்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். ட்ரான்ஸ் வேர்ல்ட் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குக் கான்சாஸ் சிட்டியில், ஆண்டு முழுவதும் இரவு பகலாக இயங்கிய ஒரு பராமரிப்பு மையம் இருந்தது. அங்கே உதிரிபாகக் கிடங்கில் வேலை செய்த லாரி ஹார்டிசன், வெள்ளி சூரியன் மறைவிலிருந்து சனி சூரியன் மறைவு வரை வேலை செய்யக் கூடாது என்ற விதியுடைய ஒரு திருச்சபையில் சேர்ந்தார். முதலாம் கட்டடத்தில் அவருக்குப் போதிய மூப்பு இருந்ததால், இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரையிலான ஷிப்டை எடுத்து வழிபாட்டு நாளைக் காத்துக்கொண்டார். பிறகு பகல் வேலைக்காக இரண்டாம் கட்டடத்துக்கு மாறினார். இரு கட்டடங்களுக்கும் மூப்புப் பட்டியல் தனித்தனி; புதிய பட்டியலில் அவர் கடைசிக்கு ஒன்று முன்னால். சனிக்கிழமை வேலைக்கு அழைக்கப்பட்டார், வரவில்லை, வேலை போயிற்று.

நிர்வாகம் தடையில்லை என்றது. ஆனால் மற்றவர்களின் மூப்பை மீறி அவரை மாற்றச் சங்கம் சம்மதிக்கவில்லை. ஒருவருடைய மதக் கடமைக்காக ஒப்பந்தத்தின் மூப்பு முறையை நிறுவனம் உடைக்க வேண்டியதில்லை என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. மதக் கடமைக்கு இடம் தர நிறுவனம் எவ்வளவு சிரமத்தை ஏற்க வேண்டும் என்ற அளவுகோலை 2023இல் அதே நீதிமன்றம் உயர்த்தியது. மற்றவர்களின் மூப்பு உரிமையைப் பறிக்க வேண்டியதில்லை என்ற பகுதி அப்படியே நிற்கிறது. அங்கே ஷிப்டை வரிசைப்படி கேட்டு எடுப்பது ஒப்பந்தங்களில் பரவலாக இருக்கும் முறை என்பதால் வழக்கு அந்த அளவுக்குப் போனது. நமக்கு இதில் கவனிக்க வேண்டியது, கார்டிங்கிலிருந்து வைண்டிங்குக்கு மாறியவரின் கதையும் இவருடைய கதையும் ஒன்றே என்பது.

வரிசை நிற்கும் இடங்கள்

நம் பக்கத்து ஆலைகளில் வாரத்துக்கு ஒரு முறையோ குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு முறையோ எல்லோரும் மூன்று ஷிப்டிலும் சுற்றி வரும் சுழற்சி முறை சாதாரணம். அங்கே தேர்வு என்ற பேச்சே குறைவு. சுழற்சி இல்லாத பொதுநேர வேலை, வார விடுமுறைக் கிழமை, பண்டிகைக் கால விடுப்பு, பேருந்துப் பணிமனையானால் வழித்தடம் போன்றவற்றில்தான் மூப்பு பேசும்.

தகுதி ஒரு தடை. இரவில் ஒரு பொறியாளர் உதவியின்றி இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவராவது வேண்டும் என்றால், மூத்த ஃபிட்டர்கள் எல்லோரும் பகலைக் கேட்டாலும் ஒருவர் இரவில் இருந்தே ஆக வேண்டும். மூப்புக்கு முன் தகுதியா, சம தகுதி உள்ளவர்களிடையே மட்டும் மூப்பா என்பதை ஒப்பந்தத்தின் வாசகம் சொல்லும். 'தகுதி' என்ற சொல்லுக்கு விளக்கம் தராமல் விட்டால், அந்தச் சொல்லின் பொருளை மேற்பார்வையாளர் தீர்மானிப்பார்.

பெண் தொழிலாளர் விஷயத்தில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை வேலைக்குத் தடை வைத்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அந்தத் தடையைப் பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. தொழிலுறவுத் தொகுப்போடு வந்த இன்னொரு சட்டமான பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு, சம்மதத்தின் பேரில் இரவு வேலையை அனுமதிக்கிறது. ஆகவே பட்டியலில் கடைசியில் இருக்கிறார் என்ற காரணம், ஒரு பெண்ணை அவர் சம்மதமின்றி முழு நைட்டில் போடப் போதாது.

ஒப்பந்தக்காரர் மூலம் வரும் தொழிலாளர் இந்தப் பட்டியலிலேயே இல்லை. பத்து வருடம் அதே இயந்திரத்தில் நின்றிருந்தாலும் அவர்களுக்கு மூப்பு வரிசை கிடையாது. இன்றைய ஆலைகளில் முழு நைட்டின் பெரும் பாரம் இவர்கள் தலையில் ஏறுவதைப் பார்த்தும், மூப்பை நியாயத்தின் வடிவம் என்று சங்கங்கள் மேடையில் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

மூப்பின் லாபமும் நட்டமும்

சங்கங்கள் மூப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. சேர்ந்த தேதியை யாரும் மாற்ற முடியாது. மேஸ்திரிக்கு யார் சொந்தம், யார் ஊர்க்காரர், யார் போனஸ் பேச்சில் எதிர்த்துப் பேசியவர் என்பதையெல்லாம் பார்த்து ஷிப்ட் போடும் பழக்கத்தை அது அடைக்கிறது. ஆனால் கைக்குழந்தையோடு இருக்கும் இளைய தொழிலாளிதான் இரவு ஷிப்டைத் தாங்குகிறார் என்பதும் உண்மை. இதைச் சமாளிக்கச் சில ஒப்பந்தங்களில் இருவர் தம்முள் ஷிப்டை மாற்றிக்கொள்ள இடம் கொடுப்பார்கள். சிலவற்றில் இரவுப் படியை உயர்த்தி, மூத்தவர் சிலர் தாமாக இரவைக் கேட்கும்படி செய்வார்கள். இரண்டாவது வழி செலவு பிடித்தாலும் சண்டை குறைவு.

பட்டியலில் பெயர் பிழையாக, தேதி பிழையாக இருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். தேர்வு முடிந்து எல்லோரும் இடம் மாறிய பிறகு ஒரு பிழையைத் திருத்தினால் மேலிருந்து கீழ்வரை அத்தனை பேரையும் நகர்த்த வேண்டும் என்பதால் யாரும் எளிதில் இசைய மாட்டார்கள். ஆட்சேபத்தில் டோக்கன் எண், சேர்ந்த தேதி, நியமனக் கடிதத்தின் நகல், ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியைச் சுட்டுகிறீர்கள் என்பது ஆகிய நான்கும் இருக்கட்டும். ஒரு பிரதியில் நேரக் காப்பாளர் அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, மற்றொன்றைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். நிர்வாகம் பதில் தராவிட்டால், தொழிலாளர் துறை அலுவலரிடம் சங்கம் கொண்டுபோவதற்கு அந்த முத்திரை போட்ட பிரதிதான் முதல் ஆவணம்.